நான்கு வியாழன், நான்கு மாத்திரை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. மலேசியாவில், கோலகங்சார் கடைத்தெரு. இருமல் மருந்து வாங்கப் போயிருந்தேன். முன்னால் நின்றவர் அறுபதைத் தாண்டிய மலாய்க்காரர். தலையில் கறுப்பு வெல்வெட் சொங்கோக் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. மருந்தாளர் பெண்ணிடம் குனிந்து ரகசியமாகக் கேட்டார். காது கொஞ்சம் மந்தமானவர்களின் ரகசியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

“மிஸ், நாலு வியாழக்கிழமை, நாலு மாத்திரை. ஒண்ணுமே நடக்கல. போலிச் சரக்கா இது?”

வரிசையில் நின்ற ஆறு பேரும் ஒரே நேரத்தில் பற்பசை விலையைப் படிக்க ஆரம்பித்தோம்.

என்ன மாத்திரை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வியாழக்கிழமை என்ற சொல்லே போதும். வெள்ளிக்கு முந்தைய இரவு கணவன் மனைவிக்கு உகந்தது, அதில் புண்ணியமும் உண்டு என்று இங்குள்ள மலாய்க்காரர்கள் பாதி நம்பிக்கையாகவும் பாதி கேலியாகவும் சொல்வார்கள். வியாழன் மாலை ஆகிவிட்டால் கல்யாணமான ஆண்கள், ‘இன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்ல?’ என்று ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொள்வார்கள்.

கடைக்குள் நடந்தது நான் காதால் கேட்டது. கடைக்கு வெளியே நடந்ததெல்லாம் என் கைவேலை. இரண்டையும் கலக்காமல் எழுத முயல்கிறேன். (கலந்துவிடும்.)

2

முதல் வரிதான் வரவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

‘மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு மேகம்...’

(வேண்டாம். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.)

‘ஆண்மைக் குறைவு என்னும் கொடிய...’

(இது அதைவிட மோசம். பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில், கைபேசி எண்ணோடு ஒட்டியிருக்கும் வாசகம் இது. அந்த மனிதருக்கு ஆண்மையில் ஒரு குறையும் இல்லை. நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புப் படாமல் வீடு சேர்த்தவர். அவருக்குக் குறைந்திருந்தது ரத்த ஓட்டம். அதற்குப் போய் இவ்வளவு பெரிய சொல்லா?)

‘இவ்வகை மாத்திரைகள் குறிப்பிட்ட ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, விறைப்புக்குத் தேவையான...’

(இந்த இடத்தில் வாசகர் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடுவார். நானே போயிருப்பேன்.)

ஆகவே முதல் வரி இல்லாமலே தொடங்குகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டியவர் என்று சற்று முன் சொன்னேன் அல்லவா, அதுவும் என் கைவேலைதான். எழுதிவிட்டேன், இனி அப்படியே இருக்கட்டும்.

3

பெயர் ஜொஹாரி என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபத்தொன்று. முதல் மனைவி இறந்து ஆறு வருடம். ஏழு மாதத்துக்கு முன்பு சல்பியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு ஐம்பத்தேழு, அவளும் கணவனை இழந்தவள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் இருபது வருடம் சமைத்தவள். ஒரே மகள், தெற்கே ஜொஹோரில் இருக்கிறாள்.

முதல் மூன்று மாதம் எல்லாம் சுகம். நான்காம் மாதத்திலிருந்து உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. ஜொஹாரி பக்கத்து ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போனார். உள்ளூர் டாக்டரின் மகன் அவர் பேருந்தில் பள்ளிக்குப் போனவன், அதனால். அந்த ஊர் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், இதயத்தைக் கேட்டார், எட்டு மாத்திரை எழுதினார். எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். ஜொஹாரி அந்த நேரம் முழுக்க சுவரிலிருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த மாதப் பொது விடுமுறைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். டாக்டர் சொன்னது ஒன்றும் ஏறவில்லை.

நம்மூர் மருந்துக் கடையில் தலைக்கவசத்தைக் கழற்றாமலே மாத்திரை வாங்கினார். பெட்டியையும், எட்டாக மடித்த விளக்கத் தாளையும் பெட்ரோல் நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டார். மாத்திரை அட்டையைச் சொங்கோக் தொப்பியின் உள்பட்டைக்குள் செருகிக்கொண்டார். சல்பியா தொடாத ஒரே பொருள் அதுதான் என்று நினைத்தார்.

வியாழன் மாலை சூராவுக்குப் போவார். தெருக்கோடியிலுள்ள சிறிய தொழுகை இல்லம் அது. ஓதி முடித்ததும் எல்லாருக்கும் சாப்பாடு. வாரம் ஒரு வீட்டின் முறை. சாப்பாடு என்றால் சும்மா இல்லை. தேங்காய்ப் பால் திரண்ட மாட்டிறைச்சி ரெண்டாங், எண்ணெய் மிதக்கும் கோழிக் குழம்பு, நெய்ச்சோறு, மேலே ஒரு கிண்ணம் டுரியான் பழக் கஞ்சி. ‘தெம்பு வேண்டும்’ என்று ஜொஹாரி இரண்டு தடவை போட்டுக்கொள்வார். பிறகு கைகழுவும் குழாயடியில் ஒரு மாத்திரை. வீட்டுக்கு வந்து கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கட்டும், அறைக்குப் போகலாம் என்று காத்திருப்பார்.

தொடங்காது. அங்கேயே தூங்கிவிடுவார். தூங்குவதுபோல் நடிப்பார் என்றும் எழுதலாம்.

இப்படி நான்கு வியாழன். நான்காவதற்கு மறுநாள் சல்பியா சொன்னாள்: “நாளைக்குக் காலைல பத்து மணி பஸ். மகள் வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவே?”

“பாக்கலாம்.”

அந்த ‘பாக்கலாம்’தான் ஜொஹாரியை, சனிக்கிழமை கடை திறந்ததும், எனக்கு முன்னால் வரிசையில் நிறுத்தியது.

4

மறுபடி கடைக்குள் வருகிறோம். இது நான் கேட்டது.

மருந்தாளரை எல்லாரும் மிஸ் யாப் என்பார்கள். சீனப் பெண், முப்பது வயதுக்குள். சிரிக்கவில்லை, குரலை மட்டும் தாழ்த்தினாள். பயனில்லை, அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி உயர்த்த வேண்டியதாயிற்று.

“பக்சிக், மாத்திரை நல்ல மாத்திரைதான். எப்ப சாப்டீங்க?” பெரியவர்களை இங்கே பக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

“சூராவ்ல சாப்பாடு முடிஞ்சதும்.”

“என்ன சாப்பாடு?”

அவர் சொன்னார். ரெண்டாங்கிலிருந்து டுரியான் வரை விடாமல் சொன்னார். எனக்கே பசித்தது.

“அவ்வளவு கொழுப்புக்கு மேல போட்டா மாத்திரை ரத்தத்துல சேரவே நேரமாகும், பக்சிக். வெறும் வயித்துல, இல்ல கொஞ்சமா சாப்பிட்டு, ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். சரி, போட்டுட்டு எங்க இருந்தீங்க?”

“ஹால்ல. டிவி பாத்துக்கிட்டு.”

“உங்க வீட்டம்மா?”

“ரூம்ல.”

மிஸ் யாப் பேனாவைக் கீழே வைத்தாள். “டிவில என்ன ஓடுச்சு?”

“பேட்மின்டன்.”

“அப்ப மாத்திரை யாரைப் பாத்து வேலை செய்யும்? பேட்மின்டன் பாத்தா? அது தானா ஒண்ணும் பண்ணாது, பக்சிக். உங்களுக்கு ஆசை வரணும், பக்கத்துல ஆள் இருக்கணும். அதுக்கப்புறம்தான் அது கூட வந்து உதவும்.”

பற்பசை அடுக்கின் பக்கம் யாரோ இருமினார்கள். எனக்குத்தான் இருமல் என்றாலும் அது நான் இல்லை.

“அப்ப ரெண்டா போட்டுக்கவா?”

“கூடவே கூடாது. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். வேற எதாவது மருந்து எடுக்கறீங்களா? நெஞ்சுவலிக்கு, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை?”

“எனக்கு இல்ல. ஆனா என் கூட்டாளி டெராமான் ஒரு காப்பிப் பொட்டலம் குடுத்தான். ஆம்பளைங்களுக்குன்னு இரவுச் சந்தையில விக்கிறது. ரெண்டாவது வியாழன் குடிச்சேன். தலைவலி உயிர் போச்சு.”

முதல்முறையாக மிஸ் யாப்பின் முகம் மாறியது. “அதைத் தொடாதீங்க. அந்த மாதிரிப் பொட்டலத்துல இதே மருந்தைச் சொல்லாம கொள்ளாம கலந்திருப்பாங்க. எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. உங்க பிரெண்டுக்கு நெஞ்சுவலி மாத்திரை உண்டா?”

“இல்ல, அவன் மாடு மாதிரி இருக்கான்.”

“மாடா இருந்தாலும் வேணாம்னு சொல்லுங்க.”*

பிறகு அவள் கேட்டது: “ஏன் வியாழக்கிழமை மட்டும்? செவ்வாய்க்கிழமை போட்டா என்ன?”

ஜொஹாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எங்களுக்குப் பின்னால் பிளாஸ்டர் வாங்க நின்றிருந்த ஒரு மலாய் அம்மாள் அவருக்காகப் பதில் சொன்னாள்: “வியாழக்கிழமை ஆம்பளைங்களுக்கு ஞாபகம் வர்றதுக்காக வச்சது, மிஸ். பொம்பளைங்களுக்கு ஏழு நாளும் நாள்தான்.”

வரிசையே சிரிப்பில் உடைந்தது. ஜொஹாரிகூடச் சிரித்துவிட்டார், காது மடல் சிவக்க.

மிஸ் யாப் வேறொரு பெட்டியிலிருந்து விளக்கத் தாளை எடுத்து நீட்டினாள். “மாத்திரை இருக்கு இல்ல, புதுசு வேணாம். இதைப் படிங்க. இதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. பாதிப் பேர் இதைத்தான் முதல்ல தூக்கிப் போடறாங்க.”

அவர் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். என் முறை வந்தது. இருமல் மருந்தின் பெயர் மறந்துவிட்டது.

(* இந்த இடத்தில் முதலில் இப்படி எழுதியிருந்தேன்: ‘அதே நேரம், தெருவின் மறுமுனையில் டெராமான் மார்பைப் பிடித்துக்கொண்டு...’ தொடர்கதை எழுதிப் பழகிய கை. அடித்துவிட்டேன். நெஞ்சுவலிக்கான அந்த மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்பது உண்மை. அதைச் சொல்ல ஒரு டெராமானைக் கொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் எல்லா மருந்தையும் சொல்லுங்கள் என்று எழுதினால் போதும். எழுதிவிட்டேன்.)

5

இனி எல்லாம் என் கைவேலை என்பதால் ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜொஹாரியின் மேல் சந்தேகம் இல்லை. சல்பியாவின் மேல்தான்.

முதல் வரைவில் அவள் ஒன்றும் தெரியாதவள். அறையில் காத்திருக்கிறாள், அழுகிறாள், பெட்டி கட்டுகிறாள். ‘என் மேல் அவருக்கு ஆசை இல்லை’ என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறாள். இரண்டு பக்கம் எழுதினேன். படிக்கவும் நன்றாக இருந்தது. ஆனால் ஐம்பத்தேழு வயதுப் பெண், முந்நூறு பிள்ளைகளுக்குத் தினமும் சமைத்தவள், முதல் கணவனின் சர்க்கரை நோயோடு பதினைந்து வருடம் மல்லுக்கட்டியவள், வீட்டில் ஒரு தொப்பியைத் தூசு தட்டாமல் விட்டிருப்பாளா?

விட்டிருக்க மாட்டாள். முதல் வாரமே பார்த்திருப்பாள். மாத்திரை அட்டையைக் கண்டதும் என்னவென்று புரிந்திருக்கும். சந்தோஷமும் பட்டிருப்பாள்: மனுஷன் எனக்காகப் பாடுபடுகிறார். சொல்லாமல் அப்படியே திரும்பச் செருகியிருப்பாள்.

அடுத்த வெள்ளி பார்த்தால் ஒன்று குறைந்திருக்கிறது. அதற்கடுத்த வெள்ளி இன்னொன்று.

வீட்டிலோ ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது நீங்கள் சல்பியாவாக இருந்து யோசியுங்கள். வாரம் ஒரு மாத்திரை கரைகிறது. கணவர் கூடத்தில் குறட்டை விடுகிறார். போன மாதம் அவர் டெராமானோடு தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் போய்வந்தார். புறாக்கூண்டு வாங்க என்று சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கம் போய் ரகசியமாக இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு வருகிற ஆண்களைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே போகிற எல்லாரும் ஏதாவது ஒரு கூண்டு வாங்கத்தான் போவார்கள்.

இதை எழுதியதும் இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். கதை என் கையை விட்டு அவள் கைக்குப் போய்விட்டது.

6

மணி ஒன்பது. ஜொஹாரி வீட்டுக்குள் நுழைகிறார். கூடத்தில் பெட்டி தயார். ஒன்பதரைக்கு டாக்சி. சல்பியா தலைத்துணியில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறாள்.

“ஒரு நிமிஷம் உக்காரு, சல்பியா.”

“நேரமில்ல, அபாங்.” அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், அண்ணன் என்று, இங்கே மனைவிகள் அப்படித்தான். கோபத்திலும் அதை விடவில்லை. “சோறு வச்சிருக்கேன். நாளைல இருந்து அவளையே வந்து ஆக்கிப் போடச் சொல்லுங்க.”

“எவளை?”

“அந்த நாலையும் வாங்கிக்கிட்டவளை.”

“எந்த நாலு?”

சல்பியா எட்டி அவர் தலையிலிருந்த சொங்கோக்கை எடுத்தாள். உள்பட்டையிலிருந்து மாத்திரை அட்டையை உருவி மேசைமேல் வைத்தாள். நான்கு குமிழ் முழுசாக, நான்கு குமிழ் கிழிந்து.

“கூண்டு வாங்கப் போனீங்களா, இல்ல கூண்டுல யாரையாவது வச்சிட்டு வந்தீங்களா?”

இங்கேதான் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன். ஜொஹாரியின் நிலைமையைப் பாருங்கள். தான் துரோகி இல்லை என்று நிரூபிக்க அவருக்கு ஒரே வழிதான்: நான்கு முறை தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஆம்பளை சட்டென்று சொல்வான்?

முதல் வரைவு: “ஆமா. ஒருத்தி இருக்கா.” (சிரிக்காதீர்கள். இப்படிச் சொல்லிவிடக்கூடியவர்களை எனக்குத் தெரியும். கெட்டவன் என்ற பெயர் அவர்களுக்கு இதைவிட லேசு.)

இரண்டாம் வரைவு: “கீழே விழுந்து தொலைஞ்சு போச்சு.” (நான்குமா? வாரம் ஒன்றாகவா? சல்பியா டாக்சிக்காரனுக்குப் போன் போட்டுச் சீக்கிரம் வரச் சொல்லியிருப்பாள்.)

மூன்றாம் வரைவு: அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திற

(இந்த வரியை முடிக்கவில்லை. முடிக்காமலே விடுகிறேன். அவரும் முடிக்கவில்லை.)

ஜொஹாரி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். அவளிடம் நீட்டினார்.

“கண்ணாடி கொண்டு போக மறந்துட்டேன்,” என்றார். “நீ படி.”

7

சல்பியா தாளைப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே இருந்தாள், மேசை விரிப்பு அளவுக்கு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளியில் சமையல் பட்டியல் வாசிக்கிற குரலில் தொடங்கினாள்.

“‘உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ளவும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் உட்கொண்டால் மருந்து வேலை செய்யத் தாமதமாகலாம்.’”

நிறுத்தினாள். தாளுக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

“எப்ப போட்டீங்க?”

“சூராவ்ல. சாப்பிட்டதும்.”

“நாலு தடவையுமா?”

“நாலு தடவையும்.”

“மூணாவது வியாழன் ரெண்டாங் நான் வச்சது.”

“அதான் ரெண்டு தடவை தட்டுல போட்டுக்கிட்டேன்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். “‘பாலுணர்வுத் தூண்டல் இல்லாமல் இம்மருந்து செயல்படாது.’ அப்ப ஹால்ல உக்காந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“காத்துக்கிட்டிருந்தேன்.”

“எதுக்கு?”

“அது ஆரம்பிக்கட்டும்னு. ஆரம்பிச்சா உள்ள வரலாம்னு. வெறுங்கையோட எப்படி உன் முன்னாடி வந்து நிக்கிறது?”

சல்பியா கண்ணாடியைக் கழற்றினாள்.

“நான் உள்ள காத்துக்கிட்டிருந்தேன், அபாங். படுக்கையில பூ நறுக்கிப் போட்டு, பாத்திக் துணி மாத்திக் கட்டி, மூணு வாரமா. நாலாவது வாரம் விளக்கை அணைச்சிட்டேன். நீங்க உள்ள வந்து சும்மா படுத்திருந்தாலே போதும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“வெக்கமா இருந்துச்சு.”

“யார்கிட்ட? என்கிட்டயா? மருந்துக் கடைல போய்ச் சொல்லியிருக்கீங்க!”

“அங்கயும் மெதுவாத்தான் சொன்னேன்.”

(அந்த நேரம் நான் அந்த வீட்டில் இருந்திருந்தால், எவ்வளவு மெதுவாக என்று சாட்சி சொல்லியிருப்பேன்.)

அவள் மறுபடி கண்ணாடியை மாட்டினாள். கோபம் போகவில்லை, குரலில் இருந்தது. ஆனால் தாளைக் கீழே வைக்கவும் இல்லை. “‘பக்க விளைவுகள். தலைவலி. முகம் சிவத்தல். மூக்கடைப்பு. சிலருக்குப் பொருட்கள் தற்காலிகமாக நீல நிறமாகத் தெரியலாம்.’”

“நீலமாவா?”

“அப்ப நான் எப்படித் தெரிவேன்?”

“தெரியல. அந்த வரிக்கு நான் இன்னும் வரவே இல்லையே.”

இதற்கு அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தும் வந்துவிட்டது. உடனே தாளில் முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்த வரியை வேகமாகப் படித்தாள்: “‘விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்.’”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நாலு மணி நேரம்,” என்றார் ஜொஹாரி, அயல்நாட்டுச் செய்தி கேட்டவர்போல.

“உங்களுக்கு அந்தக் கவலை வேணாம்,” என்றாள் சல்பியா.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைத்துணி ஊசி கழன்று விழுந்தது, தேடவில்லை.

தாளுக்குப் பின்பக்கம் இன்னும் இருக்கிறது. பொடி எழுத்தில்.

8

இதோடு நிறுத்திவிட்டு ‘சுபம்’ போட்டிருக்கலாம். பத்திரிகை ஆசிரியருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் நான் சல்பியாவை நம்பத் தொடங்கிவிட்டேன், அதனால் தயக்கம். சிரித்துவிட்டாள் என்பதால் பயணத்தை ரத்து செய்வாளா? நாலு வாரம் தனியே காத்துக் கிடந்தது ஒரு தாளைப் படித்ததும் ஆறிவிடுமா? ‘போறதுதான். ஒரு வாரம் நீங்களும் காத்துக்கிட்டுக் கெடங்க’ என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ‘நீங்களும் வாங்க, என் மகள் வீட்டுப் பக்கம் வியாழக்கிழமை விருந்தெல்லாம் கிடையாது’ என்றும் சொல்லக்கூடியவள். அல்லது ஊசியைத் தேடாமல், போகாமலே இருந்துவிடலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் குரல் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை.

கணக்குப்படி டாக்சி வரவேண்டிய நேரம். வாசலுக்கு வந்துவிட்டது என்று எழுதியும் விட்டேன். ஆனால் டாக்சிக்காரருக்குப் பெயர் வைக்கவில்லை, முகம் வைக்கவில்லை. கதையில் இருக்கும் ஒரே காலி இருக்கை அது.

ஏறி உட்காருங்கள்.

மணி ஒன்பது முப்பத்தைந்து. பஸ் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம். ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டீர்கள், யாரும் வரவில்லை. ஜன்னல் வழியே, உள்ளே ஒரு பெண் எதையோ உரக்க வாசிப்பது கேட்கிறது. ஒரு ஆண் ‘மறுபடி படி, கேக்கல’ என்கிறார்.

உங்கள் கை ஹாரன்மேல் இருக்கிறது.